அந்த வீடியோ யாருக்குச் சொந்தம்

அவர்கள் உள்ளே வந்தபோது நான் ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை. கல்லூரி விட்டுப் பிள்ளைகள் பொத்தேரி ஸ்டேஷன் பக்கம் கூட்டமாக இறங்கும் நேரம். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய சின்னக் கடை வரிசையில் எங்கள் கடை பேக்கரிக்கு அடுத்தது. ஜெராக்ஸ், பிரிண்ட், ஸ்கேன், பைண்டிங். என் கணவர் அலுவலக வேலையை உதறிவிட்டு ஆசையாக ஆரம்பித்த கடை. அவர் கம்ப்யூட்டரில் உட்காருவார், நான் பைண்டிங் மேஜையில் நிற்பேன்.

அன்று ஒரு பெரிய நடிகரின் படம் வெளியாகியிருந்தது. முதல் காட்சி முடிவதற்குள் முழுப் படமும் இணையத்தில் வந்துவிட்டது என்று பேச்சு. மதியம் ஒரு மாணவி தன் போனை நீட்டிக் காட்டினாள். எங்கள் கடை முகப்பின் போட்டோ. கீழே, ‘இங்கதான் பென் டிரைவ்ல படம் ஏத்தித் தர்றாங்க. அண்ணனோட உழைப்பைத் திருடுறவன் இவன்தான்’ என்று எழுதியிருந்தது. அதை எழுதியது யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பார்த்துவிட்டு என் கணவர் சிரித்தார்.

“ஃப்ரீயா விளம்பரம் பண்றாங்க, விடு.”

எங்கள் கம்ப்யூட்டரில் படம் எதுவும் இருந்ததில்லை. இருந்தவை பாடப் புத்தகங்கள். பிள்ளைகள் பி.டி.எஃப். ஆகக் கொண்டு வருவார்கள். மறுபடி மறுபடி கேட்கிறார்களே என்று அவர் செமஸ்டர்வாரியாக அடுக்கி வைத்திருந்தார். அவர்களுடைய கடைசி வருட ப்ராஜெக்ட்டுகளும் அதில்தான் இருந்தன.

முதலில் வந்தவன் கையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இரும்பு பைப் இருந்தது. அவனுக்குப் பின்னால் ஐந்தாறு பேர். “படம் ஏத்துறவன் எவன்டா?” என்று கேட்டுக்கொண்டே மானிட்டரை அடித்தான். பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. கண்ணாடி உடைந்து கீபோர்டு மேல் கொட்டியது. வரிசையில் நின்ற பிள்ளைகள் அலறிக்கொண்டு வெளியே ஓடினார்கள். இன்னொருவன் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைப் பிடுங்கி, உள்ளே இருந்த டோனரை இழுத்துத் தரையில் ஓங்கி அடித்தான். கறுப்புத் தூள் புகை மாதிரி எழும்பியது. ஒரு நொடியில் எல்லோர் முகமும் கறுத்துப்போனது. யார் யார் என்றே தெரியவில்லை.

அந்தப் புகைக்குள் என் கணவர் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் குனிந்து வலது கையால் அதை அணைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பைப் அந்தக் கையின் மேல் இறங்கியது. ஒரு முறை இல்லை. எலும்பு முறிகிற சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. காய்ந்த தென்னை மட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தால் கேட்குமே, அதைப்போல இருந்தது. அவர் ஏதோ கத்தினார். எனக்கு வார்த்தைகள் காதில் ஏறவில்லை.

என் கைக்கு எட்டியது காகிதம் வெட்டும்போது பிடித்துக்கொள்ளும் நீள இரும்பு ஸ்கேல். அதை எடுத்து பைப் வைத்திருந்தவனின் தலையைப் பார்த்து வீசினேன். அவன் திரும்பியதால் காதில் விழுந்தது. காதின் மேல்பாதி கிழிந்து தொங்கியது. வெள்ளைத் தாள் கட்டுகளின் மேல் ரத்தம் தெறித்தது. மறுபடி ஓங்கினேன். அந்த நேரத்தில் அவனைக் கொன்றிருப்பேன். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

வாசலில் ஒருத்தன் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அவன் யாரையும் தொடவில்லை. “மூஞ்சியத் திருப்புடா, தெரியட்டும்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

பக்கத்துப் பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும் நீளக் கம்பியோடு ஓடிவந்தார். அந்தக் கடை வரிசையே அவருடையதுதான். அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் பயிர் வைத்த நிலம் அது. “யார்ரா நீங்க? என் எடத்துல பூந்து இன்னாடா பண்றீங்க?” என்று அவர் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன வண்டிகள் நின்றன. அவர்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தவனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அரசு மருத்துவமனையில் தகடும் திருகாணியும் வைத்து என் கணவரின் கையைச் சேர்த்தார்கள். விரல்கள் முன்போல மடங்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். முகத்தில் படிந்த டோனரைத் தண்ணீரால் கழுவக் கழுவ அது சேறு மாதிரிப் பரவியது. அந்தக் கறுப்பு முகத்தோடுதான் நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

அங்கே என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா, படம் இருந்துச்சா, இல்லையா?”

“சார், அவர் கையை உடைச்சிருக்காங்க.”

“அது தனி. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க.”

இரண்டு பக்கமும் வழக்குப் பதிந்தார்கள். அவர்கள் மேல் அத்துமீறி நுழைந்து ஆயுதத்தால் தாக்கியதற்கு. என் கணவர் மேல் பதிப்புரிமைச் சட்டத்தில். காதை அறுத்ததற்கு என் மேல். உடைந்த கம்ப்யூட்டரையும் ஹார்ட் டிஸ்க்கையும் சாட்சிப் பொருளாக எடுத்துப் போனார்கள். ப்ராஜெக்ட்டைத் தொலைத்த பிள்ளைகள் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் அந்த வீடியோ வந்தது. எடுத்தவன் அந்தப் படத்தின் பாட்டு ஒன்றைப் பின்னணியில் சேர்த்திருந்தான். அடி விழும் இடமும் தாளம் விழும் இடமும் ஒன்றாக இருக்கும்படி வெட்டி ஒட்டியிருந்தான். வேலை தெரிந்தவன்தான். யார் யாரோ பார்த்தார்கள், பகிர்ந்தார்கள், நெருப்புப் படமும் கைதட்டல் படமும் போட்டார்கள். இரண்டொரு நாளில் வாயைப் பிளந்து கத்துகிற என் கணவரின் முகத்தை மட்டும் வெட்டி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். கீழே ‘நெட் போயிடுச்சு’ என்று எழுத்து. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, எங்களோடு பாடகர் குழுவில் பாடும் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பா எடுத்துக்காதீங்க, அந்த வீடியோல இருக்கறது உங்க வீட்டுக்காரரா?” என்று கேட்டார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

வீடியோவை நீக்கச் சொல்லி அந்தச் செயலியில் புகார் கொடுத்தேன். ‘இது எங்கள் விதிகளை மீறவில்லை’ என்று பதில் வந்தது. சைபர் கிரைம் பிரிவில் புகார் கொடுத்தேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. அதோடு சரி.

வீட்டுக்குள் வேறு ஒரு மனிதர் இருக்க ஆரம்பித்தார். அதுவரை என்னிடம் குரல் உயர்த்திப் பேசாதவர் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தார். என் போனைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தார். கதவு தட்டினால் எழுந்து சுவரோரமாக நின்றார். அப்படி மிதித்தவரும் இப்படி ஒடுங்கி நின்றவரும் ஒரே ஆள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேக்கரிக்காரர் அந்த வீடியோவை வியாபாரிகள் குழுவில் போட்டிருந்தார் என்பது என் கணவருக்கு எப்படியோ தெரிந்தது. நல்ல எண்ணத்தோடுதான் போட்டிருந்தார். ‘நம்ம கடைங்களுக்கு இன்னா பாதுகாப்பு கீது?’ என்று கேட்டிருந்தார். என் கணவர் அதைப் படிக்கவில்லை. நேராகப் பேக்கரிக்குள் போய் இடது கையால் அவர் முகத்தில் குத்தினார். பிறகு மாவுக்கட்டுப் போட்ட வலது கையாலும் அடித்தார். பிஸ்கட் ஜாடி உருண்டு உடைந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், சட்டை கிழிந்து என் கையோடு வந்தது. அந்த மனிதர் திருப்பி அடிக்கவே இல்லை. உதட்டில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“அடிச்சி முடிச்சிட்டியா? இன்னும் பாக்கி கீதா?”

என் கணவர் அங்கேயே கண்ணாடிச் சில்லுகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“கடைய காலி பண்ணிக்கோ,” என்றார் பேக்கரிக்காரர். “எனக்கு உன்மேல கோவம் இல்ல. ஆனா நீ இங்க இருந்தா இந்தப் பேஜார் ஓயாது.”

காலி செய்துவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். முன்னறையில் ஒரே ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டு நான் வேலை பார்த்தேன். அவர் பின்னறையிலிருந்து வெளியே வரவில்லை.

எங்கள் வழக்கை எடுத்தது தாம்பரம் கோர்ட்டில் வழக்காடும் ஒரு பெண் வக்கீல். பேச்சில் இனிப்பு கிடையாது. நான் போய் உட்கார்ந்ததும் வழக்கைப் பற்றிப் பேசாமல் வீடியோவைப் பற்றித்தான் கேட்டேன்.

“மேடம், அதை எடுக்க வைக்க என்ன வழி?”

“ஆபாசம்னா சீக்கிரம் எடுப்பாங்க. காப்பிரைட்னா அதைவிடச் சீக்கிரம் எடுப்பாங்க. ஒருத்தர் அடி வாங்கறாருன்னு புகார் பண்ணா, அதுக்கு யாரும் அவசரப்பட மாட்டாங்க. கோர்ட் ஆர்டர் வாங்கலாம். நாளாகும்.”

“அதுல இருக்கறது என் வீட்டுக்காரரோட முகம், அவரோட கை. அப்போ அது அவருக்குச் சொந்தம் இல்லையா?”

“சட்டப்படி அது எடுத்தவனுக்குச் சொந்தம்மா.”

“அடிக்க வந்தவனுக்கா?”

“கேமராவைப் பிடிச்சவனுக்கு. அவன் எதுக்கு வந்தான்னு காப்பிரைட் சட்டம் கேக்காது.”

வக்கீல் அதுவரை வீடியோவைச் சத்தத்தோடு பார்த்ததில்லையாம். அன்று சத்தம் வைத்துப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்தி, “இந்தப் பாட்டு அந்தப் படத்தோடதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அங்கேயே உட்கார்ந்து, பாட்டின் உரிமையை வைத்திருந்த நிறுவனத்துக்கு ஒரு மெயில் அனுப்பினார். உங்கள் பாட்டை அனுமதி இல்லாமல் இன்ன இன்ன இடங்களில் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று. என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

சாயங்காலத்துக்குள் வீடியோ போய்விட்டது. அந்த இடத்தில் ‘இசை உரிமையாளரின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் இருந்தது. நான் அதைப் பின்னறைக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாட்டுக்கு வலிச்சிருக்கு போல,” என்றார்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. அது எப்போது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தலையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அடி வாங்கிய நாளிலிருந்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

அந்தச் சமயத்தில் இணையத் திருட்டுக்கான தண்டனைகளைப் பற்றிப் பொத்தேரியில் ஒரு கல்லூரியில் கருத்தரங்கு வைத்தார்கள். எங்கள் வக்கீலும் ஒரு பேச்சாளர். என்னையும் வரச் சொன்னார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் கணவர் வரமாட்டேன் என்றவர், கடைசி நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார்.

சினிமாத் தரப்பில் ஒரு தயாரிப்பாளர் பேசினார். தளங்களை முடக்கவேண்டும், டவுன்லோட் செய்பவனையும் உள்ளே போடவேண்டும் என்றார். திருடனின் கையை வெட்டும் நாடுகள் இருக்கின்றன, நாம்தான் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம் என்றார். அரங்கம் கைதட்டியது. பக்கத்தில் என் கணவர் வலது கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அடுத்துப் பேசிய எங்கள் வக்கீல், பூட்டு போடும் அதிகாரத்தை யாரிடம் கொடுக்கிறோம் என்று பாருங்கள், சினிமாவுக்கு என்று வாங்கிய பூட்டைச் செய்திக்கும் போடுவார்கள் என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் நான் எழுந்தேன்.

“சார், படம் திருடினாங்கன்னு சொல்லி எங்க கடையில பூந்து இவர் கையை உடைச்சாங்க. எங்ககிட்ட படமே இல்ல. இருந்திருந்தா உடைச்சது சரியா?”

நான் கேட்டது அந்தத் தயாரிப்பாளரை. அவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார்.

“அம்மா, அடிச்சது தப்பு. அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா என் நிலைமையையும் சொல்றேன். என் படம் ரிலீஸ் அன்னிக்குக் காலைலயே நெட்ல வந்துச்சு. என்கூடப் பணம் போட்ட நண்பர் அன்னிக்குச் சாயங்காலமே பூச்சி மருந்தைக் குடிச்சிட்டார். நான்தான் அவர் வாயில விரலை விட்டு வாந்தி எடுக்க வெச்சேன். பொழைச்சிட்டார். ஆனா இப்பவும் அவரால கெட்டியா எதையும் முழுங்க முடியல. அதை யாரும் வீடியோ எடுக்கல.”

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதனாலேயே கோபம் அதிகமானது.

“அடிச்சது தப்பு, ஆனான்னு சொன்னீங்களே சார், அந்த ‘ஆனா’தான் பைப்பை எடுத்துக்கிட்டு எங்க கடைக்குள்ள வந்துச்சு,” என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் அவர் எங்களைத் தேடி வந்தார். என் கணவரின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். அதை மெதுவாக விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்த அறிக்கை வந்தது. படம் எதுவும் இல்லை. பாடப் புத்தகங்கள் இருக்கின்றன, அவை மட்டும் அனுமதி வாங்கியவையா என்று விசாரித்த அதிகாரி அடுத்ததாகக் கேட்டார். படிப்புக்காக நகல் எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் சண்டை, அந்தச் சண்டைக்குப் பதிப்பகத்தார் யாரும் வரவில்லை என்று வக்கீல் எழுதிக் கொடுத்தார். அந்த வழக்கை முடித்துக்கொண்டார்கள். என் மேல் இருந்ததையும் தற்காப்பு என்று கைவிட்டார்கள். ஹார்ட் டிஸ்க் திரும்பி வந்தபோது அது எந்தக் கம்ப்யூட்டரிலும் உயிர் பிடிக்கவில்லை.

மிச்சம் இருந்தது அடிதடி வழக்கு. அதற்கு ஆதாரம் கேட்டார்கள். டோனர் தூளில் எல்லோர் முகமும் கறுத்திருந்தது, யார் அடித்தது என்று இவர்களால் எப்படிச் சொல்ல முடியும் என்று அவர்கள் தரப்பு வாதம். தூள் பறப்பதற்கு முந்தைய முகங்கள் வீடியோவின் தொடக்கத்தில் இருந்தன. எடுத்தவன் தன் போனில் இருந்ததை அழித்துவிட்டிருந்தான். இணையத்தில் இருந்ததை நாங்களே அழிக்க வைத்துவிட்டோம். அங்கங்கே மிச்சம் இருந்தவை வெட்டி ஒட்டியவை. அவற்றைக் கோர்ட் ஏற்காது. முதலில் எடுத்ததை எடுத்தபடியே வைத்திருக்கும் ஒருவர் தன் போனைக் கொடுத்து, இது மாற்றப்படாதது என்று சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டும்.

நான் பேக்கரிக்குப் போனேன். உடைந்த ஜாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஜாடி இருந்தது.

“அண்ணா, அந்த வீடியோ...” என்றேன்.

“கீதும்மா. பாட்டு போடறதுக்கு மின்னாடியே ஏதோ ஒரு குரூப்ல எனக்கு வந்துச்சு. உன் வூட்டுக்காரன் அடிச்சப்போ அழிச்சிடலாம்னு தோணுச்சி. அழிக்கல.”

“கோர்ட்டுக்கு வரணும் அண்ணா. போனைக் கொடுக்கணும். அவனுங்க கேட்டா...”

“இன்னா பண்ணிடுவானுங்க? வரட்டும். கம்பி அங்கதான் மாட்டிவெச்சிகினு கீறேன்.”

வந்தார். கையெழுத்துப் போட்டார். கோர்ட்டில் திரை வைத்து அதை ஓட விட்டார்கள். நான் பயந்தது என் கணவரை நினைத்துத்தான். அவர் எழுந்து போகவில்லை, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பாட்டு இல்லாமல் நாங்கள் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பாட்டு மூடிவைத்திருந்த சத்தமெல்லாம் வந்தது. கண்ணாடி உடைவது, பிள்ளைகள் அலறுவது, பைப் விழுவது. அதற்கு நடுவே அவர் கத்தியது தெளிவாகக் கேட்டது.

“டேய், பசங்க ப்ராஜெக்ட் இருக்குடா. அதை மட்டும் உடைக்காதீங்கடா.”

நீதிபதி நிறுத்தச் சொன்னார். அந்த இடத்தை மறுபடி ஓட விட்டார்கள். இத்தனை பேர் பார்த்துச் சிரித்த அந்தப் பிளந்த வாய் சொன்னது அதைத்தான். பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது. ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் அப்புறம் கேட்டேன். “நான் என்ன கத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல,” என்றார்.

தீர்ப்புக்கு முந்தைய வாய்தாவில், காரிடாரில் நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவன் வந்து உட்கார்ந்தான். பைப் வைத்திருந்தவன். காதின் மேல்பாதி கோணலாகத் தைக்கப்பட்டுச் சுருங்கியிருந்தது. முகத்தைத் திருப்பாமலே பேசினான்.

“அக்கா, காம்ப்ரமைஸ் பண்ணிக்கலாமா? வேலை போயிடுச்சிக்கா. பொண்டாட்டி வவுத்துல புள்ள கீது.”

“எதுக்கு எங்க கடைக்கு வந்த?”

“வாட்ஸ்அப்ல போட்டோ வந்துச்சி. பசங்க எல்லாம் வண்டில ஏறுனானுங்க. நானும் ஏறுனேன்.”

“நீ அந்தப் படத்தைப் பாத்தியா?”

சுருங்கிய காதைத் தடவிக்கொண்டான்.

“அன்னிக்கு டிக்கெட் கெடைக்கலக்கா. போன்லதான் பாத்துகினு இருந்தோம். பாதில இந்த மெசேஜ் வந்துச்சி. நிறுத்திட்டு வந்தோம்.”

அந்த ஸ்கேல் அப்போது என் கையில் இருந்திருந்தால் மறுபடி வீசியிருப்பேனா என்று யோசித்தேன். வீசியிருப்பேன் என்றுதான் தோன்றியது. எழுந்து தூரமாகப் போய் நின்றுகொண்டேன். காம்ப்ரமைஸுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் கணவரும் வேண்டாம் என்றார்.

சில மாதங்கள் கழித்து, அவனுக்கும், கூட வந்த இரண்டு பேருக்கும் சிறைத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. வீடியோ எடுத்தவனை விட்டுவிட்டார்கள். அவன் யாரையும் தொடவில்லை அல்லவா.

வெளியே வரும்போது ஒரு பெண் குறுக்கே வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. அவனுடைய மனைவி என்று பார்த்ததும் புரிந்தது. “நல்லா இருப்பியாடி நீ? என் புருசன் காதையும் அறுத்துட்டு ஜெயிலுக்கும் அனுப்பிட்டியே, நாசமாப் போவ,” என்று குனிந்து ஒரு கை நிறைய மண்ணை அள்ளி என் முகத்தில் அடித்தாள். குழந்தை வீறிட்டது. போலீஸ்காரம்மா அவளைப் பிடித்து இழுத்தார். என் கண்ணிலும் வாயிலும் மண். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை.

என் கணவர் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் இடது கையால் தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவிவிட்டார். வலது கையில் தண்ணீர் நிற்காது, விரல்கள் முழுதாக மடங்குவதில்லை. தலைமுடியில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொன்றாக எடுத்தார். வேளச்சேரி பஸ்ஸைப் பிடித்து ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கினோம். பிரிண்ட் எடுக்க இரண்டு பேர் வாசலில் காத்திருந்தார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து மெஷினைப் போடப் போனேன். அவர் என்னை விலக்கிவிட்டு, அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, “என்ன ஃபைல்ங்க? மெயில் பண்ணியிருக்கீங்களா?” என்று அவர்களிடம் கேட்டார்.

தண்டனை பெற்றவர்கள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.